தோலும் ஒரு பாடநூல்தான்!

கம்ப்யூட்டர் சயின்ஸ் மாணவனுக்கு ஆம்பூர் ஷூ கம்பெனியில் என்ன வேலை?
*வாசகர், வாணியம்பாடி*

வேலை அப்புறம், முதலில் பாடம் இருக்கிறது! தழும்பையும் ஓட்டையையும் ஒதுக்கி, ஒரே தோலில் அதிகபட்சம் எத்தனை ஷூ துண்டுகள் வெட்டலாம்? கணிப்பொறியையே திணறடிக்கும் கணக்கு இது. தோல் வெட்டும் தொழிலாளி கண்ணாலேயே போட்டுவிடுகிறார். அவர் பக்கத்தில் ஒரு நாள் நின்ற மாணவன், அல்காரிதம் எதற்கு என்று கேட்கவே மாட்டான்.

பாடத்தையும் ஆசிரியரையும் மாணவரே தேர்ந்தெடுக்கும் வி.ஐ.டி. பல்கலைக்கழக முறை நல்லதா?
*வாசகர், காட்பாடி*

நல்லதுதான். தேர்ந்தெடுப்பது மார்க்கைத் தாராளமாகப் போடுபவரையா, கேள்வியைத் தாராளமாகக் கேட்பவரையா?

எல்லாப் பொறியியல் மாணவர்களும் கட்டாயம் படிக்க வேண்டியது எது?
*வாசகர், ராணிப்பேட்டை*

வேலூர் தோல் தொழிற்சாலைக் கழிவு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தந்த தீர்ப்பு. மாசுபடுத்தியவரே இழப்பீடு தர வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிலைநாட்டியது அதுதான். நாடெங்கும் சட்ட மாணவர்கள் அதைப் படிக்கிறார்கள். ஆனால் கழிவு பாலாற்றில் கலந்த பிறகு வருபவர் வக்கீல். கலக்காமல் தடுக்க வேண்டியவர் இன்ஜினீயர். முதலில் படிக்க வேண்டியவர் யார்?