கல்வெட்டில் ஏறாத வேலி

யாழ்ப்பாணத்தில் ஒரு மனுசன் முழு நல்லவனாக முப்பத்தொரு நாள் பிடிக்கும். அந்தியேட்டி முடிந்து, பந்தி எழும்புகிற நேரம், செத்தவரின் நினைவு மலரான கல்வெட்டைக் கையில் தருவார்கள். அட்டையில் கலர்ப்படம், உள்ளே பிள்ளையார், தேவாரம், சிவபுராணம், வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, கடைசியில் நன்றி நவிலல். இதில் பொய் சொல்லாத ஒரே பகுதி திதி வெண்பா. அதுவும் எந்த வருசம், எந்த மாதம், எந்தப் பட்சம், எந்தத் திதி என்பதோடு வாயை மூடிக்கொள்ளும்.

அம்மப்பாவின் கல்வெட்டு என் தலையில் விழுந்தது. "நீதானே கதை கட்டுரை எண்டு எழுதுறனீ" என்று பெரியம்மா முடித்துவிட்டா.

எனக்குப் பயம். ஏனென்றால் அம்மப்பா ஊரிலேயே பெரிய கல்வெட்டு விமர்சகர். சாய்மனைக் கதிரையில் கிடந்து, சிவப்புப் பேனையோடுதான் வாசிப்பார். 'ஈகையில் கர்ணன்' என்று இருந்தால், ஓரத்தில் 'என்னட்டை வாங்கின 200 ரூபா?' என்று எழுதிவைப்பார்.

மரண அறிவித்தலிலும் அவருக்கு அப்படியொரு பக்தி. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பொருளாதாரத் தடை. பற்றரி யாழ்ப்பாணத்துக்குள் வராது. சைக்கிளைக் கவிட்டு வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, பெடலைக் கையால் சுற்றித்தான் றேடியோ கேட்பது. மற்ற வீடுகளில் பிபிசி தமிழோசைக்காகச் சுற்றினார்கள். எங்கள் வீட்டில் கொழும்பு வானொலியின் மரண அறிவித்தலுக்கும் சேர்த்துச் சுற்றவேண்டும். சுற்றுகிறவன் நான். கை சோர்ந்தால் அறிவிப்பாளரின் குரலும் சோரும். சரியாக ஆளின் பெயர் வரும் இடத்தில்தான் என் கை சோரும்.

"டேய், இனி ஆர் செத்ததெண்டு நான் ஆரைக் கேக்கிறது?"

ஆனால் அவருடைய வாழ்வின் பெரும்பணி வேலி வழக்கு. ஒல்லாந்தர் 1707இல் தேசவழமைச் சட்டத்தை எழுத்தில் தொகுத்த காலம்தொட்டு, காணிச்சட்டம் தெரியாத யாழ்ப்பாணத்தான் பிறக்கவில்லை என்பது என் கணிப்பு. பக்கத்து வளவு மாஸ்ரர் வேலி அடைக்கும்போது கதியாலை ஒரு சாண் உள்ளே தள்ளி நட்டார் என்பது அம்மப்பாவின் கட்சி. இல்லை, அம்மப்பாதான் அதற்கு முந்தின வருசம் வெளியே தள்ளினவர் என்பது மாஸ்ரரின் கட்சி. பூவரசு இரண்டு பக்கமும் சமமாக இலை உதிர்த்தது.

1995 ஒக்டோபர் 30. யுத்தத்தால் வலிகாமமே இரவோடிரவாகத் தென்மராட்சிக்கு நடந்தது. சனம் அரிசியையும் உடுப்பையும் சுமந்தபோது அம்மப்பா காணி உறுதியையும் வழக்குக் கோப்பையும் சுமந்தார். சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அதே வகுப்பறையில் மாஸ்ரர் குடும்பம்! அம்மப்பா ஒன்றும் பேசவில்லை. ஒரு வாங்கை இழுத்து நடுவில் போட்டார். விடிய எழும்பிப் பார்த்தால் வாங்கு ஒரு சாண் எங்கள் பக்கம் வந்திருந்தது.

அடுத்த வருசம் ஊர் திரும்பினால் வேலியே இல்லை. கதியால், கிடுகு, ஒன்றும் இல்லை. இருவரும் வெறும் நிலத்தில் நின்று, எல்லை எங்கே இருந்ததென்று பின்னேரம்வரை ஒற்றுமையாகத் தேடினார்கள். ஒற்றுமையாகவே அடுத்த சண்டையையும் தொடங்கினார்கள்.

இதையெல்லாம் வாழ்க்கை வரலாற்றில் ஒரு பந்தியாக எழுதியிருந்தேன். ரொறன்ரோவிலிருந்து சின்னம்மா வட்ஸ்அப்பில் வந்தா. "உதை எடு. சம்பந்தி பகுதி வாசிக்கும்." எடுத்தேன். அந்த இடத்தில் 'அயலவரோடு இன்முகத்துடன் பழகியவர்' வந்து குந்தியது. 2005இல் தொடங்கிய 'நூலகம்' என்ற இணையத்தளத்தில் இந்த நினைவு மலர்களையும் சேர்த்து வைக்கிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் நாளைக்கு இவற்றை மட்டும் வைத்து ஊர் வரலாறு எழுதுகிற ஆராய்ச்சியாளர், எங்கள் பக்கத்தில் ஒரு கோபக்காரர்கூடச் சீவித்ததில்லை என்று அடித்துச் சொல்லப்போகிறார்.

அந்தியேட்டியன்று மாஸ்ரர் முன்வரிசையில் இருந்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கல்வெட்டு முழுவதையும் வாசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"தம்பி, அயலவரோட இன்முகமாப் பழகினவர் எண்டு கிடக்கு. எந்த அயலவர்?"

நான் முழித்தேன்.

"கோட்டுக்கு நானும் அவரும் ஒரே பஸ்ஸிலதான் போறனாங்கள். தவணை போட்டால் மலாயன் கபேயில தோசை. ஒருநாளும் என்னைக் காசு குடுக்க விட்டதில்லை, அந்த மனுசன். இதில வழக்கைப் பற்றி ஒரு வரி இல்லையே!"

"சின்னம்மா எடுக்கச் சொன்னவா, மாஸ்ரர்."

அவர் கல்வெட்டை மடித்துச் சேட்டுப் பைக்குள் வைத்தார்.

"அது கிடக்கட்டும். அடுத்த தவணை தை மாசம். உங்கட பக்கத்தால இனி ஆர் வாறது?"