ஞானம் பெற்ற கைப்பேசி

என் கைப்பேசி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தானே அணைந்து தானே எழுகிறது. மேலாளர் அழைத்தால் தவறாமல் அணைகிறது. இந்த விவேகம் எனக்கே கிடையாது. சேவை மையத்தில் எல்லாவற்றையும் அழித்து ரீசெட் போட்டார்கள். குட்மார்னிங் ரோஜாக்களோடு குடும்பப் படங்களும் போயின. ஆட்சி மாறினால் எல்லாம் சரியாகும் என்று நம்புகிறவன், ரீசெட்டை நம்பமாட்டேனா? மறுபடி அணைந்தது. மதர்போர்டு மாற்றச் சொன்னார்கள். அதற்கு ஒரு புது போன் விலை.

கடைசியில் ரிச்சி தெருவில் போன் பழுது பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். சிரித்தார். "உறை டைட்டு சார். பவர் பட்டனை அமுக்கிட்டே இருக்கு." கழற்றினார். போனைப் பாதுகாக்க நான் 99 ரூபாய்க்கு வாங்கிய உறை! அதன்பின் ஒருமுறைகூட அணையவில்லை.

மாலைக்குள் மேலாளர் ஆறு முறை அழைத்துவிட்டார். உறையை மறுபடி மாட்டிவிட்டேன்.