நெடுஞ்சாலைப் புணரியல்

சர்வீஸ் ரோட்டிலிருந்து வரும் வண்டி நெடுஞ்சாலையில் கலப்பதற்கு இங்கே இலக்கணமே இல்லை என்று சொல்வோர் நன்னூலைப் படிக்காதவர்கள். பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே உயிரீற்றுப் புணரியலில் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். சொற்களைப் பற்றி எழுதுவதாக நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருப்பது நிலைமொழி. இடப்பக்கமாக நுழைவது வருமொழி. மாற்றம் ஏதுமின்றிச் சேர்ந்தால் இயல்பு புணர்ச்சி. பெருங்களத்தூர்ப் பக்கம் இதற்கு எடுத்துக்காட்டுத் தேடுவோர் விடியற்காலை மூன்று மணிக்குப் போவது நலம். மற்ற நேரமெல்லாம் விகாரம்தான். பம்பரில் புதுக் கோடு விழுந்தால் தோன்றல், கதவு நெளிந்தால் திரிதல், பக்கக் கண்ணாடி போய்விட்டால் கெடுதல். ஒரே புணர்ச்சியில் மூன்றும் வரலாம் என்பதையும் நூல் ஒப்புக்கொள்கிறது.

உயிரெழுத்து வரக்கண்டதும் இடத்தைக் காலி செய்யும் குற்றியலுகரத்தை, மொஃபசல் பஸ்ஸைக் கண்டதும் மண் ஓரத்தில் இறங்கிவிடும் டிவிஎஸ் 50இல் காணலாம். விட்டுக்கொடுக்காத இரண்டு உயிர்கள் எதிர்ப்பட்டால் நடுவே யகரமோ வகரமோ புகுந்து சமாதானம் செய்யும். சாலையில் இந்த உடம்படுமெய் எது என்பதே நம் ஆய்வின் கண்டுபிடிப்பு: பைக்கின் பின்னால் உட்கார்ந்திருப்பவரின் வலக்கை. உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து நாலு ஆட்டு ஆட்டினால் பதினாறு சக்கர லாரியும் தணிகிறது. இண்டிகேட்டருக்கு அந்த மரியாதை கிடையாது. அதைப் பார்த்ததும் பின்னால் வருபவர் இடைவெளியை அடைக்கத்தான் விரைகிறார்.

ஆர்டிஓ மைதானத்தில் கற்பது வேறு. கால் ஊன்றாமல், நடக்கும் வேகத்தில், எட்டுப் போட வேண்டும். கலப்பதற்கு வேண்டியதோ நேர் எதிர் வித்தை: ஓடும் வண்டிகளின் வேகத்தை முதலில் பிடித்துவிட்டு, பிறகு நுழைவது. 40 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80ஐ ஒரு கார் சீராக 8 நொடியில் எட்டுவதற்குள் 133 மீட்டர் ஓடிவிடும். அவ்வளவு நீளத்துக்குப் பெரிய சாலையை ஒட்டியே ஒரு தடம் வேண்டும். நம் சர்வீஸ் ரோடுகளில் பல இடங்களில் இருப்பது தடுப்பில் விட்ட ஒரு வாசல். வாசலில் இளநீர்க் கடை. ஆகவே வண்டி நிற்கிறது. நின்றுவிட்ட வருமொழியை எந்த இலக்கணம் சேர்த்துக்கொள்ளும்?

இடம் தாராளமாக இருந்தால் போதும் என்பவர்கள் கத்திப்பாராவுக்குப் போகலாம். ஆர்தர் ஹேல் என்ற அமெரிக்கர் 1916இல் காப்புரிமை பெற்ற க்ளோவர்லீஃப் வடிவத்தில் அமைந்து, 2008இல் திறக்கப்பட்ட மேம்பாலம் அது. ஒரு வளையத்திலிருந்து வருபவர் வலப்பக்கம் போகவேண்டும். அடுத்த வளையத்துக்குப் போகிறவர் இடப்பக்கம் வரவேண்டும். இருவருக்கும் சேர்த்து ஒரே துண்டுச் சாலை. நிலைமொழியும் வருமொழியும் இடம் மாற்றிக்கொள்ளும் இந்த நிலைக்குப் பவணந்தியாரிடம் விதி இல்லை. தடம் முடியும் இடங்களுக்கு ஜெர்மானியர் சாலை விதியின் 7ஆம் பிரிவில் எழுதிவைத்திருக்கிறார்கள்: முடிகிற இடம்வரை வந்து, இந்த வரிசையில் ஒன்று, அந்த வரிசையில் ஒன்று. ரேஷன் கடையிலேயே அதற்கு நாம் ஒப்பவில்லை.

எனவே நம் பரிந்துரை எளியது. மைதானத்தில் எட்டுக்குப் பக்கத்தில் 133 மீட்டருக்கு ஒரு நேர்கோடும் போடவேண்டும். கை ஆட்டுவதற்கு ஆள் கூட்டிவருவது விண்ணப்பதாரர் பொறுப்பு.