திரைக்கு முன்னால ரெண்டு சீட்டு

வா மாப்ளே, உக்காரு. பசியாறிட்டியா? இல்லைன்னா உள்ள உன் அத்தை ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கா, நேத்து வெச்ச மீன் கறி இருக்கு. நேத்து வெச்சதுதான் கறி, இன்னிக்கு வெச்சது வெறும் கொழம்பு.

யோசனை கேக்க வந்தேன்னியா? சந்தோஷம். எழுபத்தஞ்சு வயசானவன்கிட்ட யாரும் யோசனை கேக்கறதில்லை, சக்கரை எவ்வளவுன்னுதான் கேக்கறாங்க. டிசம்பர் லீவுக்குக் குடும்பத்தோட மெட்ராஸ் போறீங்க, அங்கேருந்து காடி எடுத்துக்கிட்டு கோயில் கொளம். நாலு மணி நேரப் பறப்பு. அதுல முன்னால, திரைக்கு அந்தாண்ட, சோபா கணக்கா ரெண்டு சீட்டு எடுத்தா காசுக்குத் தகுமா மாமான்னு கேக்கறே. தகும்னா மாமா நல்லவரு, தகாதுன்னா மாமாவுக்குத் தோட்டத்துப் புத்தி போகலை. பூ வெச்சு முடிச்சுட்டு வந்து பொண்ணு எப்படின்னு கேக்கற ரகம் நீ. ரசீது உன் மூஞ்சியிலேயே ஒட்டியிருக்கு. இருந்தாலும் கேட்டுட்டே, சொல்றேன்.

முதல் கிளாஸ் எனக்குப் புதுசில்லைடா. பன்னண்டு வயசுலேயே போயிருக்கேன். தைப்பூசத்துக்கு நம்ம தோட்டத்து லோரி பத்துமலைக்குப் போகும். பின்னால அறுபது எழுபது பேரு, நின்னவன் நிக்க, உக்காந்தவன் மடியில இன்னொருத்தன். முன்னால டிரைவர் பக்கத்துல இடம் கிராணி வீட்டம்மாவுக்கும் அவங்க கைப்பைக்கும். அந்த வருசம் எனக்குக் காய்ச்சல். "பையனை முன்னால ஏத்துங்க"ன்னு கிராணியே சொல்லிட்டாரு. அந்தம்மா கைப்பையைத் தூக்கி மடியில வெச்சுக்கிட்டு ஜன்னல் பக்கமா ஒதுங்கினாங்க. நான் ராஜா மாதிரி ஏறி உக்காந்தேன். ஈஜோக் தாண்டறதுக்குள்ள சங்கதி புரிஞ்சுபோச்சு: இஞ்சின் அந்த சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. ரெக்சின் காய்ஞ்சு தொடையோட ஒட்டிக்கிச்சு. நகர்ந்தா பிளாஸ்திரி பிய்க்கற சத்தம். முதுகுக்குப் பின்னால சின்னக் கண்ணாடி. திரும்பிப் பார்த்தா உறுமி அடிக்கறாங்க, எங்க ஆத்தா புளிச்சோத்துப் பொட்டலத்தைப் பிரிக்குது, உங்கம்மா, அப்ப ஒம்பது வயசு அவளுக்கு, என் பங்கு வடையையும் சேர்த்து வாயில அடைச்சுக்கிட்டு என்னைப் பார்த்துக் கையாட்டறா. பத்துமலை வர்ற வரைக்கும் கிராணி வீட்டம்மா என்கிட்ட ஒரு வார்த்தை பேசலை. திரும்பறப்போ காய்ச்சல் விட்டுப்போச்சுன்னு பொய் சொல்லிட்டுப் பின்னால தாவிட்டேன்.

நீ திரை திரைங்கறியே, தோட்டத்துல திடல்ல படம் போடறப்பவும் திரை இருந்துச்சு. முன்னால நாற்காலி, அது கிராணிமாருக்கு. அதுக்குப் பின்னால பாய், அது நமக்கு. லேட்டா வர்றவன் திரைக்கு அந்தப் பக்கம் போய் உக்காருவான். அவனுக்கு எம்ஜிஆர் இடது கையில கத்தி வீசுவாரு. ஆனா வில்லன் செத்துப்போறது ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துலதான்.

அப்புறம் கப்பல். ரஜூலா தெரியுமா? 1926-ல கிளாஸ்கோவுல கட்டினது. மேல கேபின், கீழ டெக்கு. ஒரு காலத்துல டெக்குல மட்டும் அஞ்சாயிரம் பேருக்கு மேல ஏத்திக்க உரிமம் வாங்கி வெச்சிருந்த கப்பல். 1964-ல எங்கப்பன் என்னைக் கூட்டிக்கிட்டு அதுலதான் ஊருக்குப் போனாரு. போர்ட் சுவெட்டன்ஹாம்ல ஏறினோம், 1972-ல போர்ட் கிள்ளான்னு பேர் மாத்தினாங்களே, அதே துறைமுகம். ஏணியில கால் வைக்கறதுக்கு முன்னாலயே எங்கப்பன் கக்கத்துல பாயைத் தயாரா வெச்சிருந்தாரு. ஏறினதும் ஓட்டம். நிழல் விழற இடமாப் பார்த்துப் பாயை விரிச்சு, ஒரு பக்கம் டிரங்குப் பெட்டி, ஒரு பக்கம் கூடை, நடுவுல நான். அதுதான் எங்க கேபின். பக்கத்துப் பாய் காப்பார்க்காரரு, அந்தாண்ட ஈப்போ பொம்பளை ஒண்ணு, ராத்திரியானா சீட்டாட்டம், பாட்டு. மேல்தளத்துக் கனவான் ஒருத்தரு கைப்பிடியில சாஞ்சுக்கிட்டு ராத்திரி பூரா எங்களையே பார்த்துக்கிட்டு இருப்பாரு. நாலாம் நாள் அவரு ஆள் இறங்கி வந்து எங்கப்பன்கிட்ட ஊறுகாய் இருக்கான்னு கேட்டான். நாகப்பட்டினத்துல கப்பல் கரைக்கு வராது. தூரத்துல நிக்கும், படகுல இறங்கணும். கேபின்காரரும் படகுலதான் இறங்கணும். அலை யாருக்கும் தனியாத் திரை கட்டி விடலை.

இதுல இன்னொண்ணு. நீ என்னமோ கிரெடிட் கார்டுல புள்ளி சேர்த்தா அடுத்த தடவை முன் சீட்டு இனாம்னு சொன்னியே, எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. எங்க தாத்தாவும் இனாம் டிக்கெட்டுலதான் வந்தாரு. 1907-ல தமிழர் குடியேற்ற நிதின்னு ஒண்ணு வெச்சாங்க. தோட்டத்து முதலாளிங்க அதுல பணம் கட்டணும், கப்பல் செலவு அதுலேருந்து. கங்காணி ஊருக்குப் போய், "ஒத்தைக் காசு வேணாம், ஏறு கப்பல்ல"ன்னு கூட்டிட்டு வருவான். ஆளைக் கொண்டாந்தா கமிஷன், அந்த ஆளு வேலைக்கு இறங்கற ஒவ்வொரு நாளுக்கும் தலைக்காசு. 1938-ல இந்திய அரசாங்கம் அந்தக் கதவைச் சாத்தற வரைக்கும் இப்படித்தான். தாத்தா அந்த இனாம் டிக்கெட்டுக்கு நாப்பது வருசம் பால் வெட்டினாரு. உன் கார்டுக்காரன் அதே கங்காணிதான், கோட்டு மாட்டிக்கிட்டு வந்திருக்கான். பாக்கி வெச்சா வருசத்துக்கு 15-லேருந்து 18 விழுக்காடு வட்டி. அவனுக்கு அதுதான் தலைக்காசு.

சரி, காசுக் கணக்குக்கு வருவோம். பின்னால ஆளுக்கு 800 வெள்ளி, முன்னால 3,200ன்னு நீயே சொன்னே. வித்தியாசம் 2,400. நாலு மணி நேரத்துக்கு வகுத்தா மணிக்கு 600. இந்த நாட்டுல குறைஞ்சபட்சச் சம்பளம்னு ஒண்ணு 2013-லதான் வந்துச்சு, மாசத்துக்கு 900 வெள்ளி. இப்ப 1,700. அதாவது உன் முதுகு சீட்டுல சாயறதுக்கும் கோழிக்கறி வர்றதுக்கும் நடுவுல ஒரு ஆளோட பதினஞ்சு நாள் சம்பளம் போய்ச் சேர்ந்துடும். கணக்குப் பார்த்தா வாழ முடியாது மாமாம்பே. 2024-ல இபிஎஃப்ல மூணாவது கணக்குன்னு ஒண்ணு திறந்து, எப்ப வேணா எடுத்துக்கோன்னு விட்டானுங்களே, அதுலேருந்துதானே எடுத்தே? முழிக்காதே. எல்லாரும் அதுலதான் கைய விடறானுங்க.

அந்த 2,400-க்கு என்ன கிடைக்குது? கால் நீட்டிப் படுக்கலாம்ங்கறே. ஏறி, பெல்ட்டு மாட்டி, மேல போய் நிதானமாகறதுக்குள்ள அரை மணி. சாப்பாடு போட்டு எடுக்க ஒரு மணி. இறங்கறதுக்கு அரை மணி முன்னால சீட்டை நிமித்துன்னுடுவான். மிச்சம் ரெண்டு மணி நேரம். இங்கேருந்து விமான நிலையத்துக்கு உன் பழைய காடியில ஒன்றரை மணி நேரம் முட்டி தாடையில இடிக்கப் போறியே, அதுக்கு ஒரு நாளாவது முனகியிருக்கியா?

சாப்பாடு விசேஷம்ங்கறே. பீங்கான் தட்டு, துணி நாப்கின், எல்லாம் உண்டு. ஆனா விமானத்துக்குள்ள காத்தழுத்தம் ஆறாயிரம் எட்டாயிரம் அடி மலை மேல இருக்கற மாதிரிதான் வெச்சிருப்பாங்க. கெந்திங் மலை உச்சின்னு வெச்சுக்கோ. காத்துல ஈரமும் கிடையாது, மூக்கு காஞ்சுபோகும், நாக்குக்கு உப்பும் இனிப்பும் சரியா எட்டாது. திரைக்கு இந்தப் பக்கமும் கெந்திங், அந்தப் பக்கமும் கெந்திங். 3,200 வெள்ளி குடுத்தவன் நாக்குக்குன்னு தனிக் காத்து வராது. ஏறறதுக்கு முன்னால லவுஞ்சுல எல்லாம் இனாம்னியே, அங்க போய் நீ என்ன சாப்பிடுவேன்னு எனக்குத் தெரியும். நாசி லெமாக். புக்கிட் ரோத்தான் முச்சந்தியில இலையில மடிச்சு விக்கறாங்களே, அதையே நாற்காலியில உக்காந்து தின்னுட்டு வருவே.

பெட்டி அதிகம் கொண்டு போகலாம்ங்கறது நியாயம். ஊர்ல சொந்தக்காரனுக்கெல்லாம் மைலோ டின்னு, கோடாலித் தைலம் இல்லாம நீ வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது. ஆனா அதுக்கு எடைக்கு மட்டும் தனியா காசு கட்டிக்கலாம்டா. மைலோ டின்னுக்கு எதுக்குப் படுக்கற சீட்டு?

நிசமாவே நீ வாங்கறது சீட்டு இல்லை மாப்ளே. முதல்ல கூப்பிடுவான்ல, அதைத்தான். நீ போய் முன்னால உக்காந்துக்குவே, கையில ஜூஸு. அப்புறம் நூத்தம்பது பேரு மூட்டை முடிச்சோட உன்னைத் தாண்டிப் போகணும். கல்யாண மாப்பிள்ளை மணவறையில உக்காந்த மாதிரி. மொய்க் கவர்தான் வராது. தெரிஞ்சவன் எவனாவது வந்து பார்க்க மாட்டானான்னு மனசு அடிச்சுக்கும். பார்த்தா போன் நோண்டற மாதிரி குனிஞ்சுக்குவே.

சிரிக்கறே. ஆனா நமக்கு அதுல ஒரு அரிப்பு இருக்கறது நியாயம்தான், நான் மறுக்கலை. 1941-ல கிள்ளான் பக்கம் தோட்டத்து ஆளுங்க வேலைநிறுத்தம் பண்ணினாங்க, நம்ம கோலசிலாங்கூர் தோட்டங்களுக்கும் பரவிச்சு. ஆர். எச். நாதன்னு ஒருத்தரு முன்ன நின்னாரு. பிடிச்சு நாடு கடத்திட்டாங்க. பட்டாளம் வந்துச்சு, சுட்டாங்க, ஆளுங்க செத்தாங்க. சம்பளம் கூட்டிக் கேட்டதோட அவங்க கேட்டதுல இன்னொண்ணு என்னன்னு தெரியுமா? துரையோ கிராணியோ எதிர்ல வந்தா சைக்கிளை விட்டு இறங்கி நிக்கணும்னு ஒரு சட்டம் இருந்துச்சு. இனிமே இறங்க மாட்டோம்னாங்க. எங்கப்பன் சொல்லுவாரு, அதுக்கப்புறம் ரொம்ப நாளைக்குத் துரையைப் பார்த்தா கால் தானா பெடலை விட்டுடும், அப்புறம்தான் ஞாபகம் வந்து மிதிப்பாராம். அந்தக் கால் இன்னும் உன்கிட்ட இருக்குடா. எவனாவது "வெல்கம் சார்"னு குனிஞ்சாத்தான் அது அடங்குது. அதுக்கு 2,400 வெள்ளின்னா, விலை கம்மியா கூடுதலான்னு நீயே முடிவு பண்ணிக்கோ.

ஒரேயடியா வேணாம்னு சொல்ற ஆளு நானில்லை. லண்டன் போறியா, பதிமூணு பதினாலு மணி நேரம், அதுவும் ராத்திரி, காலையில இறங்கினதும் வேலை இருக்குன்னா படுத்துக்கிட்டுப் போ. வயித்துல பிள்ளையோட போறவங்க, இடுப்பு பிடிச்சவங்க, நல்லாப் போகட்டும். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா கால் ரத்தம் கட்டற ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு 2007-ல உலக சுகாதார நிறுவனமே ஆராய்ஞ்சு சொல்லிச்சு. உடனே திரை டிக்கெட்டைத் தூக்கிக் காட்டாதே. மொத்தத்துல ஆறாயிரத்துல ஒருத்தருக்குத்தான் வருதாம். பஸ்ஸுல உக்காந்தாலும் அதேதான். ஒன்னை மாதிரி ஆளு நடுவுல ரெண்டு தடவை கக்கூஸு வரைக்கும் நடந்துட்டு வந்தா போதும்.

நடக்க முடியாதவங்க இருக்காங்க, அது வேற. இப்பப் பாரு, உங்கம்மா. பால்மரத்துக்கு முப்பது வருசம் விடியக்காலையில எந்திரிச்சவ. பால்மரத்தை அழிச்சுட்டுச் செம்பனை போட்டப்போ உதிரிப்பழம் பொறுக்கப் போனா. நம்ம பத்தாங் பெர்சுந்தைக்குப் பக்கத்துல தென்னமரம் தோட்டம் இருக்குல்ல, 1917-ல பிரெஞ்சுக்காரன் ஃபோக்கோனியே இந்த நாட்டுலேயே முதல் செம்பனைத் தோட்டம் போட்ட இடம். செம்பனை போட்ட தோட்டத்துக்குத் தென்னமரம்னு பேரு, அதுவும் தமிழ்ல! அந்த ஆளு அப்புறம் மலேயாவைப் பத்தி நாவல் எழுதி 1930-ல பாரிசுல பெரிய பரிசே வாங்கினான். அவன் ஆரம்பிச்சு வெச்ச பழத்தைத்தான் உங்கம்மா குந்திக் குந்திப் பொறுக்கினா. 900 வெள்ளிச் சட்டம் வர்றதுக்குள்ள முட்டி போச்சு, வேலையை விட்டுட்டா. இப்ப நாற்காலியிலேருந்து எந்திரிக்கணும்னா முதல்ல முருகனைக் கூப்பிடறா, அப்புறம் உன் பொண்டாட்டியைக் கூப்பிடறா.

அதான் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் மாப்ளே. கிழவனுக்குக் கணக்கு வராது, நீ படிச்சவன், நீயே சொல்லு. முன்னால எடுத்தது ரெண்டு சீட்டு. மெட்ராஸ் போறது நீ, உன் பொண்டாட்டி, உங்கம்மா. ரெண்டுல மூணை எப்படிடா வெச்சே?

என்னமோ முணங்கறே. "இருபத்தேழாம் வரிசை, ஆனா ஜன்னல் சீட்டு மாமா"வா? எனக்குத் தெரியும்டா. முந்தாநேத்தே உங்கம்மா வந்து சொல்லிட்டா. கோவிச்சுக்கிட்டுச் சொல்லலை. "அண்ணே, தம்பி எனக்கு ஜன்னலோரமா எடுத்துருக்கான், மேகம் தெரியுமாம்"னு சந்தோஷமாச் சொன்னா. என் வடையைத் தின்னுட்டுக் கையாட்டினவ அவதான்.

போனை எடுத்துட்டியா? மாத்தறியா? மாத்து, மாத்து. உன் சீட்டை அவளுக்குக் குடுத்துட்டு நீ இருபத்தேழுல போய் மேகம் பாரு. உன் பொண்டாட்டியும் அவ மாமியாரும் நாலு மணி நேரம் பக்கத்துப் பக்கத்துல படுத்துக்கிட்டு வரட்டும், அதுல நீ மாட்டாம பின்னால இருக்கறதே உனக்குப் பெரிய உபகாரம். ஒண்ணே ஒண்ணு. விலையை மட்டும் உங்கம்மா காதுல போட்டுடாதே. தெரிஞ்சா அந்த முட்டியோட இறங்கி நாகப்பட்டினத்துக்கு நடந்தே போயிடுவா.

எனக்கா? எனக்கொண்ணும் வேணாம். அந்த முன் சீட்டுத் தட்டுல குட்டியா உப்பும் மிளகும் வெச்சிருப்பாங்களாம், உங்கம்மாவை ரெண்டு எடுத்து முந்தானையில முடிஞ்சுக்கிட்டு வரச் சொல்லு. உன் அத்தை கறியில போட்டுப் பார்க்கணும்.

ரொட்டி ஆறுது பாரு, உள்ள போ.