ஸ்கீ இல்லாத ஸ்கீ கடை

அமெரிக்காவின் மிகப் பழைய ஸ்கீ கடை என்று பெருமையடித்துக்கொள்ளும் கடை தொடங்கிய ஆண்டு 1920. அப்போது அங்கே ஸ்கீ என்ற பனிச்சறுக்குக் கட்டையும் இல்லை, கடையும் இல்லை. ஒரு குதிரை வண்டி இருந்தது. அதில் மளிகைச் சாமானும் துணிமணியும் இருந்தன. லெபனானிலிருந்து வந்து நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் வடக்கே லிட்டில்டன் என்ற சிற்றூரில் குடியேறிய ஹெர்பர்ட் லஹூட், அன்னா தம்பதி அந்த வண்டியில் சரக்கேற்றிக்கொண்டுபோய் ரயில்பாதைத் தொழிலாளர்களுக்கு விற்றார்கள்.

வேறு யாராவது இதைக் கேட்டால் ‘மோசடி’ என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் அப்பாவின் சாத்தூர்க் கடைப் பலகையில் போட்டிருந்த வருடம், தாத்தா தலைச்சுமையாகக் கருவாடு விற்கக் கிளம்பிய வருடம். அப்பா விற்றது எவர்சில்வர் பாத்திரம். “வியாபாரம் என்னிக்கு ஆரம்பிச்சதுன்னுதான் பலகையில போடணும், என்ன வித்தோம்னு எவன் கேட்டான்?” என்பார். லஹூட் குடும்பத்துக்கும் சாத்தூருக்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. ஆனாலும் இந்த விஷயத்தில் அவர்கள் ஒரே கட்சி.

லெபனான் என்றதும் ஒட்டகத்தையும் மணலையும் நினைத்துக்கொண்டு, “பாலைவனத்துக்காரர் பனியில் கடை போட்டாரா!” என்று வியந்தார் என் வீட்டுக்காரர். லெபனானில் பாலைவனமே கிடையாது. 3,000 மீட்டரைத் தாண்டிய மலையும் அதன்மேல் குளிர்காலம் முழுக்கப் பனியும் உண்டு. பனி அவர்களுக்குப் புதிதல்ல. அதில் வேண்டுமென்றே சறுக்கி விழக் காசு கொடுக்கும் ஜனங்கள்தான் புதிது.

அந்த ஜனங்களும் 1920இல் அவ்வளவாக இல்லை. நியூ ஹாம்ப்ஷயரில் டார்ட்மவுத் கல்லூரி மாணவர்கள் 1909இலேயே சங்கம் வைத்துச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மைதான். ஆனால் அன்றைய ஸ்கீ என்பது ஒரு மணி நேரம் மூச்சிரைக்க மலையேறி, இரண்டு நிமிடத்தில் இறங்கிவிட்டு, மறுபடி ஏறுவது. லாபநஷ்டம் தெரிந்த எந்த வியாபாரியும் இதை ஒரு தொழிலாக மதித்திருக்க மாட்டார்.

பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. லிட்டில்டனுக்குப் பக்கத்திலேயே சுகர் ஹில் என்ற ஊரில் ஒரு விடுதிக்காரர் 1929இல் விருந்தாளிகளுக்காக ஸ்கீ பள்ளிக்கூடமே திறந்தார். 1931இல் பாஸ்டனிலிருந்து ‘ஸ்னோ டிரெயின்’ ஓட ஆரம்பித்தது. சனி ஞாயிறு வந்தால் நகரத்து ஆட்கள் ரயில் பிடித்து வந்து விழுந்து எழுந்தார்கள். 1934இல் பக்கத்து வெர்மான்ட் மாநிலத்தில் பழைய ஃபோர்டு காரின் எஞ்சினில் ஒரு கயிற்றை மாட்டிச் சுழலவிட்டார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும், அது மேலே இழுத்துக்கொண்டு போய்விடும். 1938இல் லிட்டில்டனுக்குக் கொஞ்சம் தெற்கே கேனன் மலையில் கம்பிவடத்தில் தொங்கும் பெட்டியே வந்தது. வட அமெரிக்காவின் ஸ்கீ மலைகளில் அப்படிப்பட்ட வண்டி அதுதான் முதல்.

சரக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு வாடிக்கையாளரைத் தேடிப் போன குடும்பத்தைத் தேடி வாடிக்கையாளர்கள் சாரைசாரையாக வர ஆரம்பித்தார்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் ராணுவம் தன் மலைப்படைக்கு வாங்கி மிச்சம்வைத்த வெள்ளை வர்ணமடித்த ஸ்கீகள் நாடெங்கும் மலிவு விலைக்கு வந்தன. ஹிட்லரைத் துரத்தச் செய்த கட்டைகளில் கணக்குப்பிள்ளைகள் சறுக்கினார்கள். ஹெர்பர்ட்டின் மகன் ஜோ போர்முனையிலிருந்து திரும்பிவந்து கடையில் ஸ்கீ வியாபாரத்தை வளர்த்தார். அவருக்குக் கடையும் வீடும் ஒரே கட்டடம். கடைசிக்காலம் வரை கடையைவிட்டு விலகாமலிருந்து 2016இல் மறைந்தார். பிறகு கடையைப் பார்த்துக்கொள்ள மகன்கள் இருந்தார்கள். குடும்பத்தைப் பற்றி ‘நார்த் கன்ட்ரி’ என்று ஓர் ஆவணப்படமும் உண்டு. எங்கள் அப்பாவின் கடையைப் பற்றி ஒரு வருமானவரி நோட்டீஸ்தான் உண்டு.

ஸ்கீ கடைக்காரரின் பாடு லேசானதல்ல. பாத்திரம் என்றால் தாத்தா காலத்துக் குடமும் பேரன் காலத்துக் குடமும் ஒரே வடிவம். ஸ்கீயோ பத்து வருடத்துக்கொரு முறை அடியோடு மாறும். அந்தக் காலத்தில் ஸ்கீ வாங்க வந்தவரை “கையைத் தூக்குங்க” என்பார்களாம். தலைக்கு மேலே தூக்கிய கையை எட்டுகிற நீளத்தில் மரக்கட்டை எடுத்துக் கொடுத்தால் அளவு முடிந்தது. துப்பாக்கியே இல்லாமல் வாடிக்கையாளரைக் கைதூக்க வைத்த ஒரே வியாபாரம் இதுதான். இப்போது ஸ்கீ முகவாய்க்கட்டையை எட்டினால் பலருக்குப் போதும். நீளம் குறைந்தது, விலைதான் குறையவில்லை.

1950இல் ஹோவர்ட் ஹெட் என்ற விமான எஞ்சினியர் அலுமினியம் வைத்த ஸ்கீயை விற்பனைக்குக் கொண்டுவந்தார். சோதித்துப் பார்க்கப் பயிற்சியாளர்களிடம் கொடுத்த மாதிரிகளெல்லாம் வரிசையாக உடைந்தன. ஒருவழியாக உடையாத ஸ்கீ வந்தபோது, அதில் திரும்புவது ரொம்பச் சுலபமாக இருந்ததால் ‘ஏமாற்றுக் கட்டை’ என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். கஷ்டப்படாமல் சந்தோஷப்படுபவனைக் கண்டால் எந்த ஊரிலும் பொறுக்காது போலிருக்கிறது.

இவற்றைவிட எனக்குப் பிடித்தது பைண்டிங்கின் கதை. பூட்ஸையும் ஸ்கீயையும் சேர்த்துப் பிடிக்கும் பூட்டுக்கு அந்தப் பெயர். பழைய பூட்டு காலை விடவே விடாது. விழுந்தால் ஸ்கீ ஒரு பக்கம் திரும்பும், கால் மறுபக்கம் திரும்பும், நடுவில் எலும்பு யார் பக்கம் பேசுவது என்று தெரியாமல் முறியும். நார்வேயில் பிறந்து ஓரிகனில் குடியேறிய ஜால்மர் வாம் என்ற பந்தய வீரருக்கு 1937இல் இப்படித்தான் கால் முறிந்தது. மயக்கமருந்து தெளிந்ததும் அவர் கேட்டது தண்ணீரல்ல, பேப்பரும் பென்சிலும். விழும்போது தானே கழன்றுகொள்ளும் பூட்டை ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே வரைந்தார். அவரும் ஒரு ஸ்கீ கடைக்காரர். சரக்கின் குறையைத் தன் காலிலேயே பரிசோதித்த கடைக்காரரை நான் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை.

அந்தப் பூட்டின் வாரிசுகளால் இன்று எத்தனையோ எலும்புகள் பிழைத்திருக்கின்றன. ஆனால் குடும்பங்களில் புதிய சிக்கல் ஒன்று முளைத்திருக்கிறது. எவ்வளவு விசைக்குப் பூட்டு கழல வேண்டும் என்று கணக்கிட உங்கள் எடை, உயரம், வயது, பூட்ஸின் அடிநீளம் எல்லாம் வேண்டும். சறுக்குவதில் நீங்கள் சாதுவா, நடுத்தரமா, முரடா என்றும் சொல்லியாக வேண்டும். வயது ஐம்பதைத் தொட்டால் அட்டவணையில் ஒரு படி இறக்கிவிடுவார்கள்.

ஒரு மலையடிவாரத்து வாடகைக் கடையில் இந்தப் படிவத்தை எங்களிடம் நீட்டினார்கள். என் வீட்டுக்காரர் எடை என்ற கட்டத்தில் எங்கள் கல்யாணத்தன்று இருந்த எடையை எழுதினார். வயதில் நான்கைக் கழித்துக்கொண்டார். ‘முரடு’ என்ற கட்டத்தில் டிக் அடித்தார். கவுன்டரில் இருந்த பையன் படிவத்தைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். இருபது வயதுகூட இருக்காது. ஆனால் பெண்பார்க்க வந்த இடத்தில் சம்பளத்தை விசாரிக்கும் பெரியவரின் நிதானம் அவனிடம் இருந்தது. “சார், எடையைக் குறைச்சு எழுதினா பூட்டு சும்மா சும்மா கழலும், கூட்டி எழுதினா கழலவே கழலாது. உண்மையைச் சொன்னா முழங்காலுக்கு நல்லது” என்றான் ஆங்கிலத்தில். இவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தமிழில், “நீ அந்தப் பக்கம் போய் சாக்ஸ் பாரேன்” என்றார். இருபத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் மறைத்த எண்ணை முன்பின் தெரியாத பையனிடம் காதோடு சொன்னார். அவன் அதைச் சத்தமாகத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தான்.

லிட்டில்டனுக்கு நாங்கள் போனது அதற்கப்புறம், பனி சரியாகப் பெய்யாத ஒரு குளிர்காலத்தில். போகும் வழியில் எனக்கு வியாபாரக் கவலை. கடைக்கார வீட்டில் பிறந்தவளுக்கு அடுத்தவர் கல்லாவைப் பற்றிக் கவலைப்படாமல் இருக்க வராது. உள்ளே போனதும் கவலை தீர்ந்தது. ஸ்கீக்குப் பக்கத்திலேயே கெட்டித் துணியில் வேலைக்காரச் சட்டைகளும் பூட்ஸும் கையுறைகளும். பனி பெய்தால் நகரத்துக்காரன் வருவான். பெய்யாவிட்டாலும் உள்ளூர்க்காரனுக்குக் குளிரும். ரயில்பாதைத் தொழிலாளிக்குத் துணிமணி விற்ற வண்டி இன்னும் நிற்கவில்லை என்று எனக்குப் பட்டது. இவருக்கு எதுவும் படவில்லை. அதே ஊரில் 112 அடி நீளத்துக்கு மிட்டாய் ஜாடிகளை அடுக்கி கின்னஸில் இடம்பிடித்த கடை இருக்கிறது. எடையைப் பற்றிய பேச்சை மறக்க அங்கே போய்விட்டார்.

திரும்பும் வழியில் ஒரு வீட்டு வாசலில், பழைய மர ஸ்கீகளை அறுத்துச் செய்த சாய்வுநாற்காலி விற்பனைக்கு இருந்தது. அந்தப் பக்கத்தில் இதை நிறையவே செய்கிறார்கள். புது ஸ்கீ விலையை விசாரித்து முகம் சுளித்த மனிதர் பேரமே பேசாமல் அதை வாங்கிவிட்டார். காரில் ஏற்றும்போது “எதுக்குங்க இது?” என்று கேட்டேன்.

“இதுல உட்கார எவனும் படிவம் கேக்க மாட்டான்” என்றார்.