உப்புமாவும் ஊசியும்

எங்கள் வீட்டில் நாலு வருஷமாக உப்புமா இறங்கியதே ஊசியால்தான். "சாப்பிடறியா, இல்லே டாக்டர்கிட்ட சொல்லி ஊசி போடச் சொல்லவா?" என்று நான் ஒரு குரல் விட்டால் போதும், சின்னவளின் தட்டு காலி. அந்த வெற்றிகளையெல்லாம் வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கேட்க, அவளுடைய கீழ்க் கடைவாய்ப் பல் சொத்தையாகி நின்றது.

பல் டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். "ஊசிங்கற வார்த்தையே உங்க வாயில வரக்கூடாது சார். வலிக்காதுன்னும் சொல்லாதீங்க. குழந்தைங்க காதுல 'வலி' மட்டும்தான் விழும்." பலமாகத் தலையாட்டினேன். உள்ளே போனதும், "பயப்படாதேம்மா, ஊசியெல்லாம் பெரிசா இருக்காது" என்றேன். என்னை மூலை ஸ்டூலுக்கு மாற்றினார்கள்.

அங்கிருந்து பார்த்ததைச் சொல்கிறேன். ஈறைத் துடைத்துக் காயவைத்து, ஸ்ட்ராபெர்ரி வாசனையில் ஒரு ஜெல் தடவினார். அது மரக்கும்வரை ஒன்றிரண்டு நிமிஷம் பூனைக்குட்டிக் கதை. "இப்போ பல்லைத் தூங்க வைக்கப் போறேன். நீ வலது காலைத் தூக்கு... இப்போ இடது கால்..." கன்னத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டே, அந்தச் சாமானை அவள் கண்ணில் படாமல் தாடைக்குக் கீழாகவே கொண்டுவந்து வேலையை ஆரம்பித்தார். குத்துவதைவிட மருந்தை வேகமாகத் தள்ளுவதுதான் அதிகம் வலிக்குமாம். ஒரு மில்லிக்கு ஒரு நிமிஷமாவது எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்குச் சின்ன வயசில் போட்டவர், கடைசி பஸ் கிளம்பிவிட்ட மாதிரி போட்டார்.

"சார், முடிஞ்சிடுச்சு. நீங்க காலைக் கீழே வைக்கலாம்" என்றார் நர்ஸ்.

உதடு ரெண்டு மூணு மணி நேரம் மரத்திருக்கும், கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டில் அந்த உதட்டுக்குக் காவலாக எதிரிலேயே உட்கார்ந்தேன். சும்மா உட்கார்ந்திருக்கலாம். பெருமை தாங்காமல், "என் தங்கம், ஊசி போட்டதே தெரியாம சமத்தா இருந்தியே!" என்றேன்.

"ஊசியா?"

போட்டு ஒரு மணி நேரமான ஊசிக்கு, மரத்துப்போன பாதி வாயைக் கோணிக்கொண்டு அவள் அழுத அழுகையில் பக்கத்து வீட்டு மாமி விபூதியோடு ஓடிவந்தார்.

ராத்திரி என் தட்டில் உப்புமா விழுந்தது. ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"பேசாம சாப்பிடுங்க. இல்லேன்னா..." என்றாள் மனைவி.

மடியில் இருந்தவள், அதற்குள் உதடு சரியாகிவிட்டதால், மிச்சத்தைத் தெளிவாகச் சொன்னாள்.

என் தட்டு காலி.