அரை வாரச் சம்பளத்துக்கு ஓர் எச்சரிக்கை

எபோலா நோய் பரவக்கூடிய நாடுகளின் கணக்கில் லைபீரியாவையும் சேர்க்க வேண்டும் என்று 1982-லேயே ஜெர்மன் ஆய்வாளர்கள் சிலர் எழுதிவிட்டார்கள். லைபீரியர்களின் ரத்தத்தைச் சோதித்துத்தான் எழுதினார்கள். வெளியானது ஐரோப்பிய ஆய்விதழில். 2014-ல் எபோலா வந்தது. ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். அடுத்த ஆண்டு, அந்தப் பழைய கட்டுரையைப் பற்றி லைபீரிய சுகாதார அதிகாரிகளே எழுதினார்கள்: இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ள 45 டாலர், அதாவது அங்குள்ள மருத்துவரின் அரை வாரச் சம்பளம். ரத்தம் அவர்களுடையது, சாவி பதிப்பகத்துடையது. ஆசிரியர்களில் ஒரு லைபீரியராவது இருந்திருந்தால் ஓசிப் பிரதி கேட்டிருக்கலாம்; அதற்கும் வழியில்லை. பதிப்பகத்தையும் குறை சொல்லக்கூடாது, பாவம். இத்தனை வருஷம் ஒருவர் கண்ணிலும் படாமல் பத்திரமாகக் காத்து வந்திருக்கிறார்களே, காவல்கூலி கேட்க மாட்டார்களா?